மூன்று விரல்களின் பங்கு

வீட்டை விட்டுப் போகப்போவதாக நாகையா சொன்னது பொங்கல் கழிந்த மூன்றாம் நாள். 2006ஆம் வருஷம். விடுமுறை முடிந்து பட்டாசுக் கம்பெனி மறுநாள்தான் திறக்கும். அய்யம்மாள் கொல்லையில் கொடுக்காப்புளி மரத்தடியில் உட்கார்ந்து துணிக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் வந்து நின்றார். வலது கையை வழக்கம்போல இடது கக்கத்துக்குள் செருகியிருந்தார்.

"அய்யம்மா, நான் சாத்தூருக்குப் போலாம்னு இருக்கேன்."

"பஸ்ஸுக்குக் காசு டிவி பெட்டி மேல இருக்கு."

"போயிட்டு வர்றதுக்கு இல்ல."

அவள் கை நிற்கவில்லை. அவருடைய பனியனைத்தான் கசக்கிக்கொண்டிருந்தாள். அதை அலசிப் பிழிந்து, உதறி, கொடியில் போட்டாள். கொடுக்காப்புளி நிழல் ஈரப் பனியனில் விழுந்து மெல்ல அசைந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"யாரு?"

"முத்துப்பேச்சின்னு. பஸ் ஸ்டாண்டுல வெள்ளரிக்காய் விக்கா. புருசன் செத்துட்டான்." கொஞ்சம் பொறுத்து, "அவ பக்கத்துல உக்காந்தா எனக்குப் பேச்சு வருது" என்றார்.

அய்யம்மாளுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. இந்த வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசாத மனுஷன் அங்கே உட்கார்ந்து என்ன பேசுவார் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. முப்பத்தொரு வருஷத் தாம்பத்தியத்தின் முடிவில் தனக்கு இப்படி ஒரு நினைப்பு வருவது அவளுக்கே கனவில் நடப்பது மாதிரி இருந்தது.

"போறதுனா போங்க. ஆனா எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

"என்னத்த எழுத?"

"கோர்ட்டுல. நீங்க சும்மா போயிட்டீகன்னா நாளைக்கு ஒரு காய்ச்சல், ஒரு சீக்குன்னு திரும்பி வருவீக. நானும் கதவத் திறந்து விட்டுருவேன். எனக்கு என்னைத் தெரியும். அது வேண்டாம்."

அவர் தலையை ஆட்டினார். மறுநாள் காலை இரண்டு வேட்டி, ஒரு போர்வை, மாத்திரை டப்பா எல்லாவற்றையும் உரச்சாக்குப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். தெரு முனை திரும்பும் வரை அய்யம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். பிறகு கம்பெனி வேன் வருகிற நேரம் ஆகிவிட்டது.

*

வீடு திருத்தங்கலில், ஊர் முடிந்து கரிசல் காடு தொடங்குகிற இடத்தில் இருந்தது. பட்டா அய்யம்மாள் பேரில். அது அப்படி ஆனதற்கு ஒரு கதை உண்டு.

கல்யாணம் ஆன காலத்தில் இருவருக்கும் சொந்தம் என்று ஒரு அடி மண் கிடையாது. நாகையா பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற அறையில் வேலை பார்த்தார். பச்சை எரிய வேண்டுமா, சிவப்பு எரிய வேண்டுமா, அவர் கலவைக்குத் தனிப் பெயர் இருந்தது. அய்யம்மாள் அதே கம்பெனியில் காகிதக் குழாய் உருட்டினாள். 1991 ஆடி மாதம் ஒரு காலையில் சல்லடையில் உரசல் ஏற்பட்டு மருந்து பிடித்துக்கொண்டது. அறையில் அவர் மட்டும் இருந்தார். உயிர் தப்பியது. வலது கையில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மிஞ்சின. மற்ற மூன்றும் போய்விட்டன.

நஷ்ட ஈடாக நாற்பத்தெட்டாயிரம் ரூபாய் வந்தது. அதில் மூன்று சென்ட் இடம் வாங்கி முன்னறை ஒன்று கட்டினார்கள். பத்திரம் பதிகிற அன்று நாகையாவின் கையில் கட்டுப் பிரிக்கவில்லை. இடது பெருவிரலை உருட்டச் சொன்னார்கள். இரவுப் பள்ளியில் படித்து, கையெழுத்துப் போடக் கற்று, அதில் பெருமை கொண்டிருந்த மனுஷன். ரேகை வைக்க மாட்டேன் என்று நின்றுவிட்டார். "அவ பேருலயே முடிங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய் மரத்தடியில் நின்றுகொண்டார். அப்படித்தான் அய்யம்மாள் வீட்டுக்காரியானாள்.

அதற்குப் பின்னால் வந்ததெல்லாம் அவள் கட்டியது. குழாய் உருட்டியவள் பேக்கிங் அறைக்கு மாறினாள், முப்பது பெண்களுக்குச் சூப்பர்வைசர் ஆனாள். சீட்டுப் போட்டுப் பின்னறை, போனஸில் சமையல்கட்டு, கடன் வாங்கி மாடியில் ஒரு தகரக் கொட்டகை. மகள் செல்வலட்சுமியை விருதுநகரில் பருப்பு மண்டிக் கணக்கருக்குக் கட்டிக் கொடுத்தாள். நாகையா அச்சாபீஸ் ஒன்றில் வாட்ச்மேன் வேலை பார்த்தார். நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு அதையும் விட்டார். வீட்டில் ஒரு மூலையில் இருப்பார். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார். யாரும் அவரை ஒன்றும் சொன்னதில்லை. யாரும் ஒன்றும் கேட்டதும் இல்லை.

*

சிவகாசியில் வக்கீல் நல்லசிவம் கட்டணம் குறைவாக வாங்குவார் என்று பேக்கிங் அறைப் பெண்கள் சொன்னார்கள். அவர் கேட்டுக்கொண்டு, ஒரு வருஷம் பிரிந்திருந்த பிறகுதான் இருவரும் சேர்ந்து மனுப் போட முடியும் என்றார். வருஷம் ஓடியது. 2007 மாசியில் மனுப் போட்டார்கள். நீதிபதி படித்துப் பார்த்து, ஆறு மாதம் யோசித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

வெளியே வந்ததும் வக்கீல் இருவரையும் நிறுத்தினார்.

"சொத்து விசயம், ஜீவனாம்சம், எல்லாம் இந்த ஆறு மாசத்துக்குள்ள பேசி முடிச்சிருங்க. ஏம்மா, உனக்கு ஒண்ணு சொல்லிர்றேன். வருமானம் இல்லாத புருசனுக்குப் பொண்டாட்டி ஜீவனாம்சம் குடுக்கணும்னு கேக்கவும் சட்டத்துல இடம் இருக்கு. நாகையா, நீங்க என்ன கேக்கீக?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்யா. வீடு அவளது."

"அப்ப வீட்டுல உரிமை இல்லைன்னு விடுதலைப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுருவீகளா?"

"போடுறேன்."

இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று வக்கீலுக்கே ஆச்சரியம். செல்வலட்சுமி போனில் கேட்டுவிட்டு, "அப்பாடா, அந்தப் பொம்பள தலையிடாம முடிஞ்சதே" என்றாள். அய்யம்மாள் மட்டும் அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில்தான் அவளுக்குக் கனவு வரும். பங்குனி வெயிலில் தெரு உறைந்து கிடக்கும். மின்விசிறி ஓடும், நிற்கும். கண் செருகினால் வீடு சின்னதாகிவிடும். ஒரு தீப்பெட்டி அளவுக்குச் சின்னதாகி யாருடைய உள்ளங்கையிலோ உட்கார்ந்திருக்கும். அந்தக் கை மெதுவாக நடந்து போகும், கரிசல் காட்டைத் தாண்டி, சூரியகாந்திப் பூக்களைத் தாண்டி. வீட்டுக்குள் இருந்து அவள் சன்னல் வழியாகப் பார்ப்பாள். கீழே கையில் மூன்று விரல் இருக்க வேண்டிய இடத்தில் வெளிச்சம் இருக்கும். பச்சையும் சிவப்புமாக, சத்தமில்லாமல் எரியும். வீடு சாய்ந்துவிடுமோ என்று பயமே வராது. விழித்த பிறகுதான் பயம் வரும்.

விழித்துப் படுத்தபடியே வீட்டைப் பார்ப்பாள். பின்னறை என்னுடையது. சமையல்கட்டு என்னுடையது. கொடுக்காப்புளியை யாரும் வைக்கவில்லை, காக்கை போட்ட விதை. மாடிக் கொட்டகை என்னுடையது. முன்னறைக்கு வரும்போது எண்ணம் நின்றுவிடும். கம்பெனிக்குப் போகும்போதும் திரும்பி வரும்போதும் அந்த அறை வழியாகத்தான் நடக்க வேண்டும். பதினைந்து வருஷமாக நடந்த தரை. இப்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஓரமாக நடந்தாள்.

செல்வலட்சுமி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோடை விடுமுறைக்கு வந்தபோது இதைப் பார்த்துவிட்டாள்.

"என்னம்மா, நம்ம வீட்டுல நீயே ஒதுங்கி ஒதுங்கிப் போற?"

"இது அப்பா விரல்ல வாங்குனதுடீ."

"அவரு வேண்டாம்னு சொல்லிட்டாருல்ல? விட்டுட்டுப் போனவரு அவரு. நீயா அனுப்புன?"

"போனாருதான். விரலை எடுத்துக்கிட்டா போனாரு?"

செல்வலட்சுமிக்குக் கோபத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று இரண்டு நாள் முன்னதாகவே விருதுநகருக்குப் பஸ் ஏறினாள்.

*

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேகம் மூடிக்கொண்டது. மழை இல்லை. மேற்கே மலைப்பக்கம் பெய்வதன் குளிர் மட்டும் காற்றில் வந்தது. அய்யம்மாள் எங்கே போகிறோம் என்று தன்னையே கேட்டுக்கொள்ளாமல் சேலை மாற்றி, சிவகாசி போய், சாத்தூர் பஸ்ஸில் ஏறினாள். சன்னலோரம் தீப்பெட்டி ஆபீஸ்களும் வேலிக்கருவையும் மாறி மாறிப் போயின.

பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிக்காய்க்காரிகள் ஏழெட்டுப் பேர் தட்டுகளை ஏந்திப் பஸ்களின் சன்னல் சன்னலாக ஓடினார்கள். ஓடாமல் ஒருத்தி மட்டும் சுவரோரம் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். கறுத்து ஒடிசலாக, அய்யம்மாளைவிட நாலைந்து வயது இளையவள். பார்த்ததும் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று பின்னால் யோசித்தும் அவளால் சொல்ல முடியவில்லை.

"ரெண்டு குடும்மா."

முத்துப்பேச்சி காயைக் கீறி, உப்பும் மிளகாய்ப் பொடியும் தடவி நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. அய்யம்மாளின் நகக்கண்ணில் ஒட்டியிருந்த பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடியைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க திருத்தங்கலா?"

"ஆமா."

"உக்காருங்க." சாக்கில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். "அவுக இப்ப இல்ல. வீட்டுல படுத்திருக்காக."

அய்யம்மாள் உட்கார்ந்தாள். வெள்ளரிக்காய் குளிர்ந்து இனிப்பாக இருந்தது. பஸ்கள் வந்தன, போயின. இருவரும் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்த இரண்டு பெண்கள் மாதிரி இருந்தார்கள்.

"உங்கிட்ட என்ன பேசுவாக?" என்று கடைசியில் கேட்டாள் அய்யம்மாள்.

முத்துப்பேச்சி வெட்கப்பட்டாள். "மருந்து கலக்குறதப் பத்திக்கா. பச்சைக்கு என்ன சேக்கணும், செவப்புக்கு என்ன, வெள்ளை எப்படிப் பூப்பூவா விழும். எனக்கு ஒண்ணும் வெளங்காது. ஆனா கேக்க நல்லாருக்கும்."

அய்யம்மாளுக்கு அதெல்லாம் தெரியும். பக்கத்துக் கொட்டகையில் இருந்து பார்த்தவள் அவள். தெரிந்தவளிடம் சொல்ல அவருக்கு என்ன இருந்திருக்கும்? விபத்துக்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்தாலே, "போதும், அந்தச் சனியன விடுங்க" என்று தானே நிறுத்தியதும் நினைவுக்கு வந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கிறாதீக." முத்துப்பேச்சி குரலைத் தாழ்த்தினாள். "மேகம் போட்டா அவுகளுக்கு விரல் அரிக்குதுங்காக. போன விரலு. இன்னைக்கு விடிஞ்சதுல இருந்து துடிக்காக. இல்லாத விரல எப்படிக்கா சொறியுறது? உங்ககிட்டக் கேக்கச் சொல்லி எனக்குத் தோணும். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர?"

அய்யம்மாள் கையில் இருந்த வெள்ளரிக்காயைக் கீழே வைத்தாள்.

பதினைந்து வருஷம் அவள் அதைச் செய்திருந்தாள். டாக்டர் போகப் போகச் சரியாகும் என்றார், ஆகவில்லை. எண்ணெய் தடவினாள், சுடுதண்ணீர் ஊற்றினாள், ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் தானாகவே அது கை வந்தது. வேறு யாருக்கும் அவள் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

"உன் கையக் குடு."

முத்துப்பேச்சியின் வலது கையை வாங்கித் தன் மடியில் மல்லாக்க வைத்தாள். மூன்று விரலை மடக்கிவிட்டாள்.

"தலகாணிய நனைச்சுப் பிழிஞ்சு அதுமேல கைய வைக்கச் சொல்லு. விரல் இருந்தா எங்க வருமோ, அந்த எடத்துல தலகாணியச் சொறியணும். இப்படி. மெதுவா, நகம் படாம. மொதல்ல சுண்டு விரலு. அப்புறம் மோதர விரலு. நடு விரலுக்கு நுனி எம்புட்டு தூரம்னு ஞாபகம் வச்சுக்கோ, அதுலதான் ரொம்ப அரிக்கும். அவுக பாத்துக்கிட்டே இருக்கணும். கண்ண மூடுனா கேக்காது."

அவள் விரல் சேலை மடிப்பின் மேல் அங்கே இல்லாத ஒன்றை வருடிக்கொண்டு போனது. முத்துப்பேச்சி மூச்சு விடாமல் பார்த்தாள். காய் வாங்க வந்த ஆள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். மேகத்துக்குள் இருந்து பால் மாதிரி ஒரு வெளிச்சம் பஸ் ஸ்டாண்டு முழுக்கப் பரவியிருந்தது. எல்லாரும் மெதுவாக நடப்பதாக அய்யம்மாளுக்குத் தோன்றியது.

எழுந்தபோது கேட்டாள். "வாடகை வீடா?"

"ஓலைக் குடிசைக்கா. மாத்திரைக்கே இதுல வர்றது சரியாப் போகுது. அதுக்காக உங்க வீட்டுப் பக்கம் நான் பாக்க மாட்டேன். சத்தியமா."

"தெரியும். நீ போய் மொதல்ல அவுகளுக்குச் செய்யி. சாக்க நான் பாத்துக்கிறேன்."

முத்துப்பேச்சி ஓடினாள். அவள் திரும்பி வரும் வரை அய்யம்மாள் சாக்கில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் விற்றாள். பதினோரு காய் போனது.

*

மறுவாரம் வக்கீலிடம் போய், முன்னறையை வாடகைக்கு விட்டு அந்த வாடகை நாகையாவுக்குப் போகிற மாதிரி எழுத வேண்டும் என்றாள்.

"அவரு கேக்கவே இல்லையேம்மா?"

"கேக்கலதான்."

"பின்னால சிக்கல் வரக்கூடாது. அவரு ஆயுசு வரைக்கும்னு எழுதுறேன். வீடு உன் பேருலயே இருக்கும்."

செல்வலட்சுமி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ஆயுசு வரைக்கும் என்ற சொல்லைப் போனில் இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "அப்பா ரொம்ப இளைச்சுட்டாராம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆவணியில் இரண்டாவது முறை கோர்ட்டில் நின்றார்கள். நீதிபதி காகிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மனைவி கணவருக்குக் கொடுக்கிறாங்களா? யாராவது கட்டாயப்படுத்தினாங்களா அம்மா?"

"இல்லைங்கய்யா."

நாகையா கூண்டுக்குப் பக்கத்தில் நின்றவர் சட்டென்று குறுக்கிட்டார். "எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன்யா. அவ உடம்பு நோக வேலை பாத்துக் கட்டுன வீடு."

"பின்னறை நான் கட்டுனது, மாடி நான் கட்டுனது. அதுல ஒரு செங்கல் குடுக்க மாட்டேன்யா" என்றாள் அய்யம்மாள். குரல் தனக்கே தூரத்தில் கேட்டது. "முன்னறை அவுக கையி. அத நான் வச்சுக்கிட்டா எனக்குத் தூக்கம் வராது."

நீதிபதி நாகையாவைப் பார்த்தார். நாகையா தரையைப் பார்த்தார். பிறகு கக்கத்தில் இருந்த கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரிங்கய்யா" என்றார்.

கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவர் இடது கையில் பேனாவைப் பிடித்தார். எப்போது பழகினார் என்று அய்யம்மாளுக்குத் தெரியாது. எழுத்து ஒவ்வொன்றாக, கோணலாக, நிதானமாக வந்தது. காகிதக் கட்டுகளோடு அவசரத்தில் இருந்த குமாஸ்தாகூடக் காத்துக்கொண்டு நின்றான். 'நாகையா' என்று முழுசாக வந்து முடிந்ததும் அவர் பேனாவை மூடி அவளிடம் நீட்டினார்.

வெளியே வெயில். அவருக்குச் சாத்தூர் பஸ் அந்தப் பக்கம், அவளுக்கு இந்தப் பக்கம். நடுவில் இருந்த டீக்கடையில் நின்று இருவரும் டீ குடித்தார்கள்.

"சாத்தூருக்கு வந்தியாமே."

"வந்தேன்."

"காயி வித்தியாம். பதினொண்ணு."

"ஒண்ணுக்கு அம்பது காசு கொறைச்சு வித்துட்டேன். வெலை தெரியல."

அவர் சிரித்தார். எத்தனை வருஷத்துக்கு முந்திய சிரிப்பு என்று அவள் மனசுக்குள் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. "இப்ப அவ சரியாச் செய்யுறா" என்றார். "நடு விரலு மட்டும் கொஞ்சம் தள்ளிப் போவுது."

"பழகிரும்."

டீக்குக் காசு அவர்தான் கொடுத்தார். அவள் தடுக்கவில்லை. பஸ் வந்ததும் ஏறி, சன்னலோரம் உட்கார்ந்து, ஏதோ சொல்ல வாய் எடுத்தார். அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. அய்யம்மாள் டீக்கடை நிழலில் நின்று கொஞ்சம் அழுதாள். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள்.

*

முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவில் இருந்த கதவை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்துப் பூசினார்கள். கொல்லைப் பக்கம் புது வாசல் வைத்தாள். முன்னறையைக் கருப்பணன் என்பவர் எடுத்தார். சிவகாசி அச்சாபீஸ்களில் இருந்து தினக் காலண்டர் தாள்களை வாங்கி வந்து, அடுக்கி, தைத்து, அட்டையில் ஒட்டிக் கொடுக்கிற வேலை. வாடகையை அவரே மாதா மாதம் சாத்தூருக்கு மணியார்டர் அனுப்பினார். அய்யம்மாள் கை அதில் படுவதில்லை.

புரட்டாசியில் காலண்டர் ஆர்டர் மும்முரம். பட்டாசுக்கும் சீசன். அவள் விடிவதற்கு முன் எழுவாள். ஒரு காலையில் கொல்லையில் வந்து பார்த்தால் மரத்தடி முழுக்க வெள்ளையாக இருந்தது. முன்னறையின் பக்கவாட்டுச் சன்னல் வழியாகக் காற்றில் பறந்து வந்த தேதித் தாள்கள். சின்னச் சின்னதாக, அடுத்த வருஷத்து நாள்கள். தை, சித்திரை, ஐப்பசி என்று ஒழுங்கில்லாமல் தரையிலும் துவைகல்லிலும் தண்ணீர் வாளியிலும் கிடந்தன. மரத்தில்கூட ஒன்றிரண்டு மாட்டிக்கொண்டு ஆடின. அவள் குனிந்து பொறுக்கி முந்தானையில் கட்டிக்கொண்டு சன்னலைத் தட்டினாள்.

"கருப்பண்ணே, இந்தாங்க, தேதியெல்லாம் எங்க வீட்டுக்கு வந்துருச்சு."

"அது கழிவுதான்க்கா. அச்சு சாய்ஞ்சு போனது. அடுப்புக்கு வச்சுக்கோங்க."

அவள் சுடுதண்ணீர் அடுப்பில் அவற்றைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டாள். மெல்லிய தாள், சட்டென்று பிடித்துக்கொண்டது. அச்சு மை எரியும்போது நெருப்பின் ஓரம் ஒரு நொடி பச்சையாக மின்னியது. தண்ணீர் கொதிக்கும் வரை முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் தாள் அடுக்கித் தட்டுகிற சத்தம் சீராகக் கேட்டது. குளித்து, தலை துவட்டி, சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு புது வாசல் வழியாக வெளியே வந்தபோது வேன் ஹாரன் அடித்தது. அதில் இருந்த பெண்கள் நகர்ந்து அவளுக்குச் சன்னலோரத்தில் இடம் விட்டார்கள்.